லினக்ஸ் பிரிட்ஜ் கோட்ல டைமர் பக்கை சரி பண்றது எப்படி

பிரிட்ஜ (பல நெட்வொர்க் போர்ட்ட சேத்து சுவிட்ச் மாதிரி ஓட்டுற லினக்ஸ் டிவைஸ்) டிலீட் பண்ணி ஒரு செகண்ட் கழிச்சு கெர்னல் பேனிக் ஆகுது, கால் ட்ரேஸ எடுத்துப் பாத்தா பிரிட்ஜ் பேரே எங்கயும் இல்ல, டைமர் சாஃப்ட் ஐஆர்க்யூ (இன்டரப்ட் முடிஞ்ச கையோட கெர்னல் ஓட்டுற வேலை) உள்ள எங்கயோ விழுந்து கிடக்கு. இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தா நெறைய பேர் பண்ற முதல் வேலை, கால்பேக் ஃபங்ஷன் (டைமர் அடிச்சா ஓடுறது) மேல ஒரு இஃப் போட்டு "டிவைஸ் அப்-ல இல்லன்னா திரும்பிப் போ"ன்னு எழுதுறது. அது பக்க மறைக்கும், சரி பண்ணாது, சில நேரம் மறைக்கக்கூட மறைக்காது, ஏன்னு கீழ ஒரு நிஜ கேஸ வச்சே காட்டுறேன். டைமர் பக்னு வர்றதுல முக்காவாசி டைம் சம்பந்தப்பட்டதே இல்லைங்க, மெமரி எவ்ளோ நேரம் உயிரோட இருக்குங்கிறது சம்பந்தப்பட்டது. யாரு டைமர ஆர்ம் பண்றா (நேரம் குறிச்சு ஓட விடுறா), யாரு நிறுத்துறா, எந்த லாக் கீழ, அந்த ஸ்ட்ரக்சர் எப்ப ஃப்ரீ ஆகுது, இந்த நாலும் பேப்பர்ல எழுதாம கோட்ல கை வைக்காதீங்க.

ஃபங்ஷன் பேரெல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதுறேன், கோட்ல தேடும்போது நடுவுல அண்டர்ஸ்கோர் சேத்துக்கோங்க.

முதல்ல எங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். எல்லாம் கெர்னல் சோர்ஸ்ல நெட் ஃபோல்டருக்குள்ள பிரிட்ஜ்னு இருக்குற டைரக்டரில இருக்கு. எஸ்டிபி (நெட்வொர்க்ல லூப் வராம பாத்துக்கிற ஸ்பானிங் ட்ரீ புரோட்டோகால்) டைமர் கால்பேக் எல்லாத்துக்கும் தனியா ஒரு ஃபைல், பிஆர் எஸ்டிபி டைமர். பிரிட்ஜ் ஸ்ட்ரக்சர் உள்ள மூணு டைமர்: ஹலோ, டிசிஎன் (டோபாலஜி மாறினத சொல்ற அறிவிப்பு), டோபாலஜி சேஞ்ச். ஒவ்வொரு போர்ட் ஸ்ட்ரக்சர் உள்ளயும் இன்னும் மூணு: ஃபார்வர்ட் டிலே, மெசேஜ் ஏஜ், ஹோல்ட். இது போக மேக் அட்ரஸ் டேபிள கூட்டிப் பெருக்குற கார்பேஜ் கலெக்ஷன் ஒண்ணு, அது இப்போ டைமர் இல்ல, டிலேய்டு ஒர்க் (ஒர்க் க்யூ த்ரெட்ல தள்ளி ஓடுறது). அப்புறம் மல்டிகாஸ்ட் ஸ்னூப்பிங் (எந்த போர்ட்டுக்கு எந்த க்ரூப் பாக்கெட் வேணும்னு கவனிக்கிறது) பக்கம் போனா க்வெரி டைமர், ரவுட்டர் போர்ட் டைமர், க்ரூப் டைமர்னு ஒரு பெரிய கூட்டமே இருக்கு, அதுக்கு லாக்கும் வேற. எஸ்டிபி டைமருக்கு பிரிட்ஜோட மெயின் ஸ்பின் லாக் (கிடைக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே காத்திருக்க வைக்கிற லாக்), மல்டிகாஸ்ட்டுக்கு மல்டிகாஸ்ட் லாக், மேக் டேபிளுக்கு ஹேஷ் லாக். இந்த மூணையும் குழப்பிக்கிட்டா அப்புறம் லாக்டெப் (லாக் எடுக்குற தப்ப கண்டுபிடிக்கிற கெர்னல் டூல்) கூட வாழ்க்கை ஓட்ட வேண்டியதுதான்.

டிஃபால்ட் வேல்யூவும் மனசுல இருக்கட்டும், ட்ரேஸ் படிக்கும்போது கை கொடுக்கும். ஹலோ 2 செகண்ட், மேக்ஸ் ஏஜ் 20, ஃபார்வர்ட் டிலே 15, மேக் ஏஜிங் 300, ஹோல்ட் 1. போர்ட் லிசனிங்ல 15, லேர்னிங்ல 15, ஆக 30 செகண்ட் கழிச்சுதான் ஃபார்வர்டிங் போகும், ரூட் (எஸ்டிபில தலைமை பிரிட்ஜ்) பக்கத்துல இருந்து பிபிடியு (எஸ்டிபி பாக்கெட்) வர்றதே நின்னு போச்சுன்னா அதுக்கு முன்னாடி 20 செகண்ட் மெசேஜ் ஏஜ் காத்திருப்பும் சேரும்.

அடுத்து டெஸ்ட் மெஷின். தனி மெஷின் வேண்டாம், ஒரு விஎம் போதும், ஆனா கெர்னல் கான்ஃபிக்ல நாலு விஷயம் ஆன் பண்ணாம ஆரம்பிக்காதீங்க: டிபக் ஆப்ஜெக்ட்ஸ்ல டைமர்ஸ், அதே டிபக் ஆப்ஜெக்ட்ஸ்ல ஃப்ரீ, ப்ரூவ் லாக்கிங் (லாக்டெப் இதுலதான் ஆன் ஆகும்), அப்புறம் கேசான் (செத்த மெமரிய தொட்டா கத்துற டூல்). ஸ்லோவா ஓடும், பரவால்ல. இதுல நான் ரொம்ப மதிக்கிறது டிபக் ஆப்ஜெக்ட்ஸதான், ஏன்னா கேசான் கத்தணும்னா அந்த டைமர் நிஜமாவே ஃபயர் ஆகணும், இல்லன்னா டைமர் வீல்ல (ஆர்ம் ஆன டைமர் எல்லாம் தொங்குற இடம்) பக்கத்துல இருக்குற வேற எவனாவது அந்த லிஸ்ட் நோட தொடணும், ஆனா டிபக் ஆப்ஜெக்ட்ஸ் நீங்க ஃப்ரீ பண்ற அந்த நொடியே "ஆக்டிவா இருக்குற டைமர ஃப்ரீ பண்றியே"ன்னு ட்ரேஸோட சொல்லிரும், அந்த ட்ரேஸ்ல குத்தவாளி யாருன்னு நேரா தெரியும். வெத் பேர் (ஜோடியா வர்ற விர்ச்சுவல் ஈதர்நெட்) ரெண்டு மூணு, நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் சூழல்) ரெண்டு, அதுல ஆளுக்கொரு பிரிட்ஜ், அவ்ளோதான் லேப். ட்ரேஸ் ஈவென்ட்ஸ்ல டைமர் க்ரூப் கீழ ஸ்டார்ட், எக்ஸ்பயர் என்ட்ரி, கேன்சல் மூணையும் ஆன் பண்ணி வச்சா எந்த டைமர் எப்ப ஆர்ம் ஆச்சு, எப்ப அடிச்சது, எப்ப கேன்சல் ஆச்சுன்னு வரிசையா வந்துரும், பிரின்ட்கே போட்டு அலையத் தேவையில்ல.

இப்போ அந்த நிஜ கேஸ். 2017-ல மெயின்லைன்ல (லினக்ஸோட மெயின் சோர்ஸ்ல) சரி பண்ணது. எஸ்டிபி ஆஃப்ல இருந்து கெர்னல் எஸ்டிபிக்கு மாறும்போது ஹலோ டைமர் ஸ்டார்ட் ஆகாம போற ஒரு பிரச்சனை இருந்துச்சு, அதுக்கு ஃபிக்ஸா எஸ்டிபி ஸ்டார்ட் ஃபங்ஷன்ல எப்பவுமே மாட் டைமர் (டைமர ஆர்ம் பண்ற ஃபங்ஷன்) கூப்பிடுற மாதிரி எழுதினாங்க. பாக்க சரியாத்தான் இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஹலோ டைமர நிறுத்துறது எங்க? பிரிட்ஜ் டவுன் ஆகும்போது, அதாவது டிவைஸோட ஸ்டாப் ஹேண்ட்லர்ல. ஒரு தடவகூட அப் ஆகாத பிரிட்ஜ டிலீட் பண்ணா? ஸ்டாப் ஹேண்ட்லர கூப்பிடவே மாட்டாங்க, ஏன்னா டிவைஸ் ஓபனே ஆகல. ஆக பிரிட்ஜ உருவாக்கு, அப் பண்ணாம எஸ்டிபி ஆன் பண்ணு, டிலீட் பண்ணு, முடிஞ்சது கதை: டைமர் வீல்ல நோட் தொங்கிட்டு இருக்கு, அது உக்காந்திருந்த பிரிட்ஜ் ஸ்ட்ரக்சர் நெட் டிவைஸோட சேந்து ஃப்ரீ ஆயிருச்சு. வேகமா பாக்கணும்னா ஹலோ டைம 100-ன்னு குடுத்து, அதாவது 1 செகண்ட், இந்த மூணு கமாண்டையும் ஒரு வைல் லூப்ல போட்டு விடுங்க, பழைய கெர்னல்ல விழுந்துரும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ஹலோ கால்பேக் உள்ள "டிவைஸ் அப்-ல இருந்தா மட்டும்"னு ஒரு இஃப் அப்பவே இருந்துச்சு! ஆனா அந்த இஃப் படிக்கப் போற பாயிண்டரே செத்த மெமரில இருக்கு, அதுக்கு முன்னாடி லாக் எடுக்கணும், அந்த லாக்கும் செத்த மெமரிலதான். அதுக்குத்தான் கால்பேக்ல இஃப் போடுறத ஃபிக்ஸ்னு சொல்லாதீங்கன்னு மேல சொன்னேன்.

சரி, எப்படி சரி பண்றது? ரெண்டு வழி. ஒண்ணு, டிலீட் பாத்லயும் ஒரு சிங்க் டிலீட் சேக்குறது. இன்னொண்ணு, ஆர்ம் பண்ற இடத்துலயே டிவைஸ் அப்-ல இருக்கான்னு பாத்து அப்-ல இருந்தா மட்டும் ஆர்ம் பண்றது. மெயின்லைன்ல எடுத்தது ரெண்டாவது, என் ஓட்டும் அதுக்குத்தான். டவுன்ல இருக்குற பிரிட்ஜ் ஹலோ அனுப்பி என்ன பண்ணப் போகுது? அப் ஆகும்போது எனேபிள் பிரிட்ஜ் ஃபங்ஷன் எப்படியும் அதே டைமர ஆர்ம் பண்ணுது, ஆக ஓபன்ல ஸ்டார்ட், ஸ்டாப்ல நிறுத்தம்னு ஜோடி சேந்துருது. முதல் வழில ஜோடி சேராது, இன்னொரு இடத்துல நிறுத்தம் தொங்கும், அடுத்து வர்றவன் எது எதுக்குன்னு தெரியாம ரெண்டையும் காப்பி அடிப்பான். இங்க ஒரு சின்ன விஷயம், அந்த அப் செக்க மெயின் ஸ்பின் லாக் உள்ள வச்சு பண்ணுங்க, பக்கத்துலயே போர்ட் ஸ்டேட் செலக்ஷன் நடக்குது, எல்லாம் ஒரே லாக் கீழ இருந்தாதான் படிக்கிறவனுக்கும் நிம்மதி.

நிறுத்துறதுக்கு வருவோம், இங்கதான் டெட்லாக் காத்துட்டு இருக்கு. டைமர் டிலீட் ரெண்டு வகை, சும்மா டிலீட், சிங்க் டிலீட். சும்மா டிலீட் வீல்ல இருந்து எடுத்துட்டு வந்துரும், ஆனா கால்பேக் வேற சிபியுல இந்த நேரம் ஓடிட்டு இருந்தா அதப் பத்தி கவலப்படாது. சிங்க் டிலீட் ஓடி முடியுற வரைக்கும் நிக்கும். இப்போ நீங்க பிரிட்ஜ் லாக்க பிடிச்சுக்கிட்டு சிங்க் டிலீட் கூப்பிடுறீங்கன்னு வைங்க, அந்தப் பக்கம் கால்பேக் அதே லாக்குக்காக சுத்திட்டு இருக்கு, நீங்க அது முடியணும்னு நிக்கிறீங்க, அது நீங்க லாக்க விடணும்னு நிக்குது. விடியுற வரைக்கும் நிக்கலாம். டிசேபிள் பிரிட்ஜ் ஃபங்ஷன எடுத்துப் படிச்சுப் பாருங்க, அழகா எழுதியிருக்காங்க: லாக் எடுத்து, போர்ட் எல்லாத்தையும் டிசேபிள் பண்ணி, டோபாலஜி சேஞ்ச் ஃப்ளாக க்ளியர் பண்ணி, லாக்க விட்டுட்டு, அதுக்கப்புறம்தான் மூணு டைமருக்கும் சிங்க் டிலீட், கடைசில கார்பேஜ் ஒர்க்குக்கு கேன்சல் சிங்க். இந்த வரிசைய மாத்தாதீங்க. லாக்டெப் ஆன்ல இருந்தா டைமரையே ஒரு லாக் மாதிரி கணக்கு வச்சுக்கும், அதனால நிஜமா ரேஸ் நடக்காட்டியும் ரெண்டு பாதையும் ஒரு தடவ ஓடினாலே எச்சரிக்கை வந்துரும், சிங்கிள் சிபியு விஎம்ல கூட கண்டுபிடிக்கலாம்.

அப்போ போர்ட் டிசேபிள்ல மட்டும் எப்படி லாக் உள்ளயே மூணு டைமரையும் டிலீட் பண்றாங்கன்னு கேப்பீங்க. அது சும்மா டிலீட், சிங்க் இல்ல. அது எப்படி தாங்குதுன்னா, போர்ட் ஸ்டேட் ஏற்கனவே டிசேபிள்டு ஆயிருச்சு, லேட்டா வர்ற மெசேஜ் ஏஜ் கால்பேக் லாக் எடுத்ததும் ஸ்டேட்ட பாத்துட்டு வெளிய போயிரும், ஃபார்வர்ட் டிலே கால்பேக் லிசனிங் இல்லன்னா லேர்னிங்ல இருந்தா மட்டும்தான் போர்ட்ட நகத்தும், போர்ட் மெமரியும் உடனே ஃப்ரீ ஆகாம ஆர்சியு (படிச்சுட்டு இருக்கிறவங்க முடிக்கிற வரைக்கும் ஃப்ரீ பண்ணாம காக்கிற முறை) மூலமா தள்ளித்தான் ஃப்ரீ ஆகுது. இங்க கால்பேக்ல இருக்குற இஃப் நியாயமானது, ஏன்னா மெமரி உயிரோட இருக்குன்னு வேற ஒருத்தர் பொறுப்பு எடுத்துருக்காங்க. நீங்க போர்ட்ல புதுசா ஒரு டைமர் சேத்தீங்கன்னா இந்த மூணு நிபந்தனையும் உங்க கால்பேக்குக்கும் பொருந்துதான்னு பாருங்க, ஸ்டேட் செக்க லாக் எடுத்த பிறகு பண்ணுங்க, முன்னாடி பண்ற செக் வெறும் ஷார்ட்கட்தான், அத நம்பி எதுவும் பண்ணக்கூடாது.

இன்னொரு பொறி, டைமர் பெண்டிங். பெண்டிங் இல்லன்னு வந்தா கால்பேக் ஓடலன்னு அர்த்தம் இல்ல, கால்பேக்க கூப்பிடுறதுக்கு முன்னாடியே டைமர வீல்ல இருந்து கழட்டிருவாங்க, ஆக ஓடிக்கிட்டு இருக்கும்போதும் பெண்டிங் இல்லன்னுதான் வரும். "பெண்டிங் இருந்தா மட்டும் டிலீட்"னு எழுதியிருக்குற கோட பாத்தா கண்ண மூடிக்கிட்டு சந்தேகப்படுங்க. ஹோல்ட் டைமர்ல பெண்டிங் பாக்குறது வேற விஷயம், அங்க "போன பிபிடியு அனுப்பி இன்னும் ஹோல்ட் டைம் முடியல, இப்ப அனுப்பாத, கான்ஃபிக் பெண்டிங்னு குறிச்சு வச்சுக்கோ"ங்கிறதுக்கு, லாக்கும் பிடிச்சிருப்பாங்க, அது சரி.

லாக் எடுக்குற விதமும் முக்கியம். டைமர் கால்பேக் சாஃப்ட் ஐஆர்க்யூல ஓடுது, அதனால கால்பேக் உள்ள சாதா ஸ்பின் லாக் போதும், ஆனா சிஸ்எஃப்எஸ், நெட்லிங்க் (யூசரோட செட்டிங் கெர்னலுக்கு வர்ற வழிகள்) மாதிரி ப்ராசஸ் கான்டெக்ஸ்ட்ல இருந்து வர்ற இடத்துல எல்லாம் பிஹெச் வெர்ஷன்தான் (சாஃப்ட் ஐஆர்க்யூவ தடுத்துட்டு லாக் பிடிக்கிறது) எடுக்கணும், இல்லன்னா லாக் பிடிச்ச அதே சிபியுல டைமர் வந்து அதே லாக்க கேட்டு நிக்கும், முடிஞ்சது.

தன்னைத் தானே திரும்ப ஆர்ம் பண்ற டைமர் இருக்கே, ஹலோ அப்படித்தான், அதுக்கு சிங்க் டிலீட் மட்டும் சில இடத்துல பத்தாது. ஓடிட்டு இருக்குற கால்பேக் தன்னைத் திரும்ப ஆர்ம் பண்ணா சிங்க் டிலீட் அதையும் சேத்துப் பிடிச்சு எடுத்துரும், அது பிரச்சனை இல்ல, ஆனா வேற ஒரு பாதை, உதாரணத்துக்கு பாக்கெட் வர்ற பாதை, நீங்க டிலீட் பண்ணி முடிச்ச பிறகு மாட் டைமர் கூப்பிட்டா திரும்ப உயிர் வந்துரும். 6.2 கெர்னல்ல இருந்து இதுக்குன்னே டைமர் ஷட்டவுன் சிங்க் இருக்கு, அது கூப்பிட்ட பிறகு யாரு மாட் டைமர் கூப்பிட்டாலும் சத்தமில்லாம ஒண்ணும் நடக்காது. ஆப்ஜெக்ட் நிரந்தரமா போகப் போற இடத்துல மட்டும் இத போடுங்க. பிரிட்ஜ் டவுன் ஆகுற இடத்துல போட்டீங்கன்னா அடுத்த தடவ அப் பண்ணும்போது ஹலோவே போகாது, எர்ரரும் வராது, தலைய பிச்சுக்க வேண்டியதுதான்.

யூனிட் பிரச்சனைக்கு வரலாம், இது க்ராஷ் ஆகாது ஆனா நேரத்த தின்னும். உள்ள எல்லாமே ஜிஃபிஸ் (கெர்னலோட டிக் கணக்கு), ஒரு செகண்டுக்கு எத்தனைங்கிறது கெர்னல் கான்ஃபிக்க பொறுத்து 100, 250, 300, 1000-ன்னு மாறும். வெளிய யூசருக்கு எப்பவும் செகண்ட்ல நூத்துல ஒரு பங்கு, அதனால சிஸ்எஃப்எஸ்லயும் ஐபி கமாண்ட்லயும் 15 செகண்டுக்கு 1500-ன்னு குடுக்கணும், பிஆர்சிடிஎல் (பழைய பிரிட்ஜ் கமாண்ட்) மட்டும் செகண்ட்ல கேக்கும். எஸ்டிபி ஆஃப்ல இருக்கும்போது ஃபார்வர்ட் டிலேக்கு 15-ன்னு குடுத்தா ரேஞ்ச் செக் இல்லாம வாங்கிக்கும், 0.15 செகண்ட்! எஸ்டிபி ஆன்ல இருந்தா 2-ல இருந்து 30 செகண்டுக்கு வெளிய போனா எர்ரர். வயர்ல போற பிபிடியுல இன்னொரு யூனிட், செகண்ட்ல 256-ல ஒரு பங்கு. ஆக ஒரே நம்பர் மூணு உடை மாத்துது, எந்த ஃபங்ஷன் எந்த உடைல வாங்குதுன்னு பாத்துட்டு கை வைங்க.

ஜிஃபிஸ நேரடியா பெருசு சின்னதுன்னு கம்பேர் பண்ணாதீங்க, டைம் ஆஃப்டர், டைம் பிஃபோர் மேக்ரோதான். 32 பிட்ல செகண்டுக்கு 1000-ன்னா சுமார் 49.7 நாள்ல சுத்தி வந்துரும், ஆனா அவ்ளோ நாள் காத்திருக்க வேண்டாம்னுதான் பூட் ஆகி 5 நிமிஷத்துல 32 பிட் கவுன்ட்டர் சுத்துற மாதிரி ஆரம்ப வேல்யூவையே வச்சிருக்காங்க. அதனால 32 பிட் விஎம்ல 5 நிமிஷம் தாண்டுற வரைக்கும் டெஸ்ட்ட ஓட விடுங்க, பூட் ஆனதும் ஓட்டிட்டு பாஸ்னு சொல்லிறாதீங்க.

இதோட சொந்தக்காரன் ஒண்ணு, டைமர் மிச்சம் எவ்ளோன்னு யூசருக்கு காட்டுற இடம். எக்ஸ்பயர்ஸ்ல இருந்து ஜிஃபிஸ கழிச்சு அப்படியே க்ளாக் டிக்கா (யூசர் பாக்குற யூனிட்) மாத்தினா, நேரம் தாண்டியும் இன்னும் கால்பேக் ஓடாத அந்த சின்ன இடைவெளில கழிச்சது மைனஸ் ஆகி, அன்சைன்டுல பிரம்மாண்ட நம்பரா தெரியும். அதுக்குன்னே டெல்டாவுக்கு தனி கன்வர்ஷன் ஃபங்ஷன் இருக்கு, மைனஸ்னா 0-ன்னு குடுக்கும், பிரிட்ஜ் டைமர் வேல்யூ ஃபங்ஷன் இப்ப அதத்தான் யூஸ் பண்ணுது. அதே கழித்தல் மெசேஜ் ஏஜ்லயும் இருக்கு, மேக்ஸ் ஏஜ்ல இருந்து பாக்கெட்ல வந்த மெசேஜ் ஏஜ கழிச்சுத்தான் டைமர் வைக்கிறாங்க, அதனாலதான் ஏஜ் மேக்ஸ விட பெருசா இருக்குற பிபிடியுவ வாசல்லயே தூக்கிப் போடுறாங்க. வெளில இருந்து வர்ற நம்பர டைமர்ல போடுறீங்கன்னா இந்த மாதிரி வாசல் செக் கட்டாயம்.

ஹலோ டைம், பிரிட்ஜ் ஹலோ டைம்னு ரெண்டு ஃபீல்டு இருக்கும், ஃபார்வர்ட் டிலே, மேக்ஸ் ஏஜுக்கும் அதே மாதிரி ஜோடி. பிரிட்ஜ்னு ஆரம்பிக்கிறது நீங்க கான்ஃபிகர் பண்ணது, இன்னொண்ணு இப்ப ரூட் சொல்றபடி நடப்புல இருக்கிறது. நீங்களே ரூட்டா இருந்தா ரெண்டும் ஒண்ணு, இல்லன்னா வேற வேற. ரூட்டா இருக்குற பிரிட்ஜ்ல மட்டும் டெஸ்ட் பண்ணா இந்த தப்பு கண்ணுலயே படாது, அதுக்குத்தான் ரெண்டு பிரிட்ஜ் லேப் போடச் சொன்னேன், ப்ரையாரிட்டிய மாத்தி ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்க.

மல்டிகாஸ்ட் பக்கம் வேற மாதிரி தொல்லை. க்வெரி இன்டர்வல் டிஃபால்ட் 125 செகண்ட், யூசர் அத 0-ன்னு வச்சா? டைமர் அடிக்கும், க்வெரி அனுப்பும், உடனே திரும்ப அடிக்கும், சிபியு சாஃப்ட் ஐஆர்க்யூலயே மாட்டிக்கிட்டு சாஃப்ட் லாக்கப். 2021 கடைசில குறைஞ்சபட்சம் 1 செகண்ட்னு கட்டாயமாக்கினாங்க. இந்த மாதிரி ஃபிக்ஸ் எழுதும்போது ஒரு முடிவு எடுக்கணும்: எர்ரர் குடுக்குறதா, சத்தமில்லாம குறைஞ்சபட்சத்துக்கு தூக்கி வைக்கிறதா? பல வருஷமா ஏத்துக்கிட்டு இருந்த வேல்யூவுக்கு திடீர்னு எர்ரர் குடுத்தா யாரோட பூட் ஸ்கிரிப்ட்டாவது உடையும், அதனால அங்க எர்ரர் குடுக்காம மினிமம் வேல்யூவையே வச்சுட்டு லாக்ல ஒரு வரி எழுதுற வழிய எடுத்தாங்க, அதுவே எனக்கும் சரின்னு படுது. மேல் பக்கமும் ஒரு வரம்பு வைங்க, ரொம்பப் பெரிய நம்பர் ஜிஃபிஸோட கூட்டும்போது சுத்தி வந்து "ஏற்கனவே முடிஞ்ச நேரம்" ஆயிரும், அப்புறம் அதே சூறாவளிதான்.

எல்லாத்தையும் டைமராவே வச்சிருக்கணும்னு இல்ல. மேக் டேபிள் கார்பேஜ் கலெக்ஷன் முன்னாடி டைமராத்தான் இருந்துச்சு, ஆயிரக்கணக்கான என்ட்ரி இருக்குற பிரிட்ஜ்ல ஹேஷ் லாக்க பிடிச்சுக்கிட்டு முழு டேபிளையும் சாஃப்ட் ஐஆர்க்யூல நடந்தா அந்த நேரம் பாக்கெட் எல்லாம் காத்துக் கிடக்கும், அதனால 2017-ல ஒர்க் க்யூவுக்கு மாத்திட்டாங்க. கால்பேக்ல லூப் இருக்கு, லூப் நீளம் யூசர் கைல இருக்குன்னா அது ஒர்க் க்யூவுக்கு போக வேண்டியது, இது என் கணக்கு. மாத்தும்போது ஒண்ணு பாருங்க, ஸ்டாப் ஹேண்ட்லர் ஆர்டிஎன்எல் லாக் (நெட்வொர்க் கான்ஃபிக் மாத்தும்போது பிடிக்கிற பெரிய லாக்) பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடுது, உங்க ஒர்க் உள்ள ஆர்டிஎன்எல் எடுத்தா கேன்சல் சிங்க் அங்கயே டெட்லாக்.

டெஸ்ட் எழுதும்போது 15 செகண்ட்னா கரெக்டா 15.000-ன்னு எதிர்பாக்காதீங்க. 2016-ல வந்த 4.8 கெர்னல்ல டைமர் வீல மாத்தி எழுதினதுல இருந்து தூரத்துல இருக்குற டைமர் சீக்கிரமா அடிக்காது, ஆனா 12.5 சதவீதம் வரைக்கும் லேட்டா அடிக்கலாம். அதுக்கு மேல ஹலோவும் ஹோல்டும் ரவுண்ட் ஜிஃபிஸ் போட்டு முழு செகண்டுக்கு நகத்துறாங்க, அது முன்னாடியும் நகரும் பின்னாடியும் நகரும், பல டைமர் ஒரே நேரத்துல எழுந்தா பவர் மிச்சம்ங்கிறதுக்கு. புரோட்டோகால்ல "இதுக்கு முன்னாடி கூடாது"ன்னு இருக்குற எதுக்கும் ரவுண்ட் ஜிஃபிஸ் போடாதீங்க.

கடைசில பேட்ச். ஃபிக்ஸ் தனி, சுத்தம் பண்றது தனி, ஒண்ணா அனுப்பினா ஸ்டேபிள் கெர்னலுக்கு எடுத்துட்டு போறவங்க திட்டுவாங்க. ஃபிக்ஸஸ் டேக்ல எந்த கமிட் இத உடைச்சதுன்னு போடுங்க, ரீப்ரொட்யூஸ் பண்ற லூப்ப கமிட் மெசேஜ்லயே வைங்க. பழைய கெர்னலுக்கு கொண்டு போகும்போது பேர் மாற்றம் பாத்துக்கோங்க: 4.15-க்கு முன்னாடி கால்பேக்குக்கு அன்சைன்டு லாங் ஒண்ணுதான் வரும், அதுக்கப்புறம் டைமர் பாயிண்டரே வரும், அதுல இருந்து பிரிட்ஜ எடுக்க ஃப்ரம் டைமர், அதுவும் 2025-ல டைமர் கன்டெய்னர் ஆஃப்னு பேர் மாறிருச்சு, பழைய டெல் டைமர் சிங்க் பேரும் அதே வருஷம் போயிருச்சு. டைமர் ஷட்டவுன யூஸ் பண்ண ஃபிக்ஸ்னா 6.2-க்கு கீழ அந்த ஃபங்ஷன் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா ஆர்ம் பண்ற பாதை எல்லாத்தையும் ஒரு ஃப்ளாக் வச்சு அதே லாக் கீழ அடைச்சுட்டு அதுக்கப்புறம் லாக்க விட்டு சிங்க் டிலீட் போடணும்.